யார் சொன்னது என்று எழுதாத கூட்டம்

நான் நடத்திய முதல் கூட்டத்தில் என்னைத் தவிர யாரும் பேசவில்லை. இப்போது எங்கள் கம்பெனியில் சேரும் டிரெய்னிகள், கூட்டம் நடத்துவது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கே முழுதாகப் பிடிபடாத விஷயம் இது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. எல்லாம் நல்லாத்தான் போகிறது

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகப் போகும் சாலையில் தொழிற்சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களுடையது தகடு அடிக்கும் ஷாப். மொபெட்டுக்குச் செயின் கவர் செய்து கொடுத்தோம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை முறைகளைச் சீர்செய்யும் மெத்தட்ஸ் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். மூன்றே செக்‌ஷன்கள்: பிரஸ், பெயிண்ட், பேக்கிங். ஒரு டிராலி பிரஸ்ஸிலிருந்து பெயிண்ட்டுக்கும் இன்னொன்று பெயிண்ட்டிலிருந்து பேக்கிங்குக்கும் போகும்.

வாங்கும் கம்பெனி இரண்டு லாட்டுகளைத் திருப்பி அனுப்பியிருந்தது. கவர்களில் பள்ளம். எங்கள் ஷாப்பில் அதற்குப் பெயர் டொக்கு. ஒர்க்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஹெட் ஆபீஸ்ல குவாலிட்டி சர்க்கிள்னு ஒண்ணு ஆரம்பிக்கச் சொல்றாங்க. எல்லாரையும் உட்கார வெச்சுப் பேச வைக்கணுமாம். நீ புதுசு, உனக்கு யார் மேலயும் கோபம் இருக்காது. நீயே நடத்தும்மா."

"சரி சார். எதைப் பத்தி?"

"டொக்குதான். என்னைக் கேட்டா பேக்கிங்லதான் விழுது. மாசக் கடைசிக்குள்ள வேற காரணம் தெரியலேன்னா பேக்கிங்கக் கான்ட்ராக்டர்கிட்ட விட்டுடுவேன். அவன் ஆளுங்களோட வந்துடுவான்."

பேக்கிங்கில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள், நிரந்தரமில்லாத கேஷுவல் ஆட்கள். அவர்களுக்கு ஸ்டெல்லாதான் பெரியவர். சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வருவார். கணவர் படுக்கையில். மூன்று பிள்ளைகள். கான்ட்ராக்டர் வந்தால் முதலில் வீட்டுக்குப் போவது அவர்தான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு ஒரு பட்டியல் தயாரித்தேன். வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. யார் சொன்னதையும் தவறு என்று சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒன்றாவது சொல்ல வேண்டும். பட்டியல் எனக்குப் பிடித்திருந்தது.

பிரஸ் செக்‌ஷன் சூபர்வைசர் கோவிந்தன், வடக்குப்பட்டுக்காரர், முதலில் சொன்னார்: "எங்க லைன்ல எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு கீது மேடம்."

பெயிண்ட் ஷாப் சாமுவேல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். "நம்ம பக்கம் ஒரு குறையும் இல்லம்மா."

ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "குடுக்கறத அப்டியே கட்றோம்."

மேனேஜர் தலையாட்டினார். எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

அரை மணி கழித்து கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பக்கம் போனேன். அதே கோவிந்தனும் சாமுவேலும் கிளாஸைக் கையில் பிடித்தபடி டொக்கைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கோவிந்தன், "இன்னா வெயிலு, இல்ல மேடம்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேச விஷயம் இருந்தது, பேச ஆட்களும் இருந்தார்கள். உட்கார நான் நாற்காலி போட்டால் மட்டும் பேச்சு போய்விடுகிறது.

2. போண்டாவும் வைக்கோலும்

இடம்தான் காரணம் என்று நினைத்தேன். இரண்டாவது கூட்டத்தைக் கேன்டீனுக்கு மாற்றினேன். போண்டாவும் சொல்லி வைத்தேன். கூப்பிடாதவர்கள்கூட வந்தார்கள்.

"மீட்டிங் வாராவாரம் கீதா மேடம்?" என்று கேட்டார் கோவிந்தன், இரண்டாவது போண்டாவை எடுத்தபடி.

"பேசினா உண்டு."

"பேசறோம் மேடம். சாம்பார்ல பருப்பே இல்ல, அத எழுதிக்கோங்க."

சாம்பார், பஸ், கழிவறைக் கதவு எல்லாம் வந்தன. டொக்கு வரவில்லை. கடைசியில் ஸ்டெல்லாதான் மெதுவாக ஒன்று சொன்னார்: "கவருக்கும் கவருக்கும் நடுவுல வைக்கோல் வெச்சா ஒண்ணோட ஒண்ணு இடிக்காது."

எனக்குச் சந்தோஷம். மேனேஜரும் நல்ல யோசனை என்றார். கூட்டக் குறிப்பான மினிட்ஸில் அவரே எழுதினார்: வைக்கோல் ஏற்பாடு, பொறுப்பு: ஸ்டெல்லா.

மறுநாள் ஸ்டெல்லா ஊரிலிருந்து ஒரு கட்டு வைக்கோலோடு கிளம்பியிருக்கிறார். கண்டக்டர் கட்டைப் பார்த்துவிட்டு நடுவழியில் இறக்கிவிட்டார். அங்கிருந்து தலையில் சுமந்துகொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். தாமதமாக வந்ததற்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். பிரஸ் ஷாப்பில், "அக்கா, மாடு எங்க கட்டினு வந்தே?" என்று சிரிப்பு. ஸ்டெல்லா கட்டை அவிழ்த்து ஓரமாகப் போட்டார். அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை.

கோவிந்தனிடம் போய்க் கேட்டேன்.

"இங்க அப்டித்தான் மேடம். வாயத் தொறக்கறவன் தோள்லதான் மூட்டை. நான் ஒரு தபா கால்வா அடச்சிக்கினு கீதுன்னு சொன்னேன். உடனே என் கையில கடப்பாறையக் குடுத்தாங்க. அன்னிலேர்ந்து எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது."

மேனேஜர் முன்பு நடத்திய கூட்டங்களின் மினிட்ஸ்களைப் புரட்டினேன். அவர் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே, பொறுப்பு என்ற இடத்தில், அதைச் சொன்னவரின் பெயர்தான் இருந்தது.

மேனேஜரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"ஐடியா யாரோடதோ அவனுக்குத்தானம்மா அது மேல அக்கறை இருக்கும்? இன்னொருத்தன்கிட்ட குடுத்தா ஏனோதானோன்னு செய்வான். இதுல என்ன தப்பு?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. கோவிந்தன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. மாசக் கடைசி மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவே டொக்கு விழுந்த கவர்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். அது குழப்பத்தை அதிகமாக்கியது. சில பள்ளங்களுக்குள் பெயிண்ட் முழுதாக இருந்தது. அப்படியென்றால் பெயிண்ட் அடிக்கும் முன்பே விழுந்தவை. சிலவற்றில் பெயிண்ட் உடைந்து தகடு தெரிந்தது. அவை பின்னால் விழுந்தவை. மேனேஜருக்கு ஒரு இடம், ஒரு காரணம் வேண்டும். என் மேசையில் இருந்த கவர்கள் அப்படி ஒரு இடத்தைக் காட்டவில்லை. முதல் வகையைக் காட்டி, "இதுவாவது பேக்கிங் இல்லை சார்" என்றேன். "அப்போ மீதி பேக்கிங்தானே" என்றார்.

3. அடுத்தவர் செக்‌ஷன்

மூன்றாவது கூட்டத்துக்கு என் பட்டியலை மாற்றினேன்.

1. யார் சொன்னது என்று எழுதப்படாது.
2. யாரும் தன் செக்‌ஷனைப் பற்றிப் பேசக் கூடாது. அடுத்தவர் செக்‌ஷனைப் பற்றித்தான் பேச வேண்டும்.
3. மேனேஜர் முதல் பாதியில் இருக்க மாட்டார்.

மூன்றாவதற்கு அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் இல்லாம மீட்டிங்கா? அது டீக்கடை" என்றார். அதுதான் சார் வேண்டும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. "அரை மணி நேரம் மட்டும் சார்" என்றேன்.

கூட்டத்தைக் கேன்டீனில் வைக்கவில்லை. பெயிண்ட் ஷாப் வாசலில், டிராலி நிற்கும் இடத்தில் நின்றபடியே நடத்தினேன். விதிகளைச் சொன்னேன்.

"அடுத்தவன் குறையச் சொல்லலாமா மேடம்?" என்றார் கோவிந்தன்.

"அதை மட்டும்தான் சொல்லலாம்."

"அப்போ சாமுவேலண்ணன்லேர்ந்தே ஆரம்பிப்போம். கவர மாட்ற கொக்கி எப்டி ஆடுது தெரியுமா? ஊஞ்சலு கணக்கா. ஒண்ணோட ஒண்ணு மோதி டங்கு டங்குன்னு சத்தம் எங்க பிரஸ்ஸையும் தாண்டிக் கேக்குது."

சாமுவேல் விடவில்லை. "சத்தத்தப் பத்தி நீரு பேசுதீரா? உங்க ஆளுவ கவர டிராலியில வைக்கிற அழகப் பாத்தா மீன் ஏலம் விடுத மாதிரி இருக்கு. வீசுதானுவ."

"வீசறானா? நீ வந்து கைல ஏந்திக்கினு போயேன், கொயந்தையாட்டம்."

"ஷிப்ட்டு முடியுதப்ப டிராலியில கோபுரம் கட்டுதீயளே, அதுக்கு என்ன சொல்லுதீரு?"

"நீங்க மட்டும்?" என்றார் ஸ்டெல்லா, சாமுவேலைப் பார்த்து. எல்லோரும் திரும்பினார்கள். "நீங்க எங்களுக்கு அனுப்பற டிராலி மட்டும் இன்னாவாம்? மேல கீற கவர எடுக்க நான் ஸ்டூல் போட்டு ஏறணும்."

குறுக்கே பேசக் கூடாது, தவறு என்று சொல்லக் கூடாது என்று முதல் பட்டியலில் நான் எழுதிய விதிகள் எதுவும் உயிரோடு இல்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், சிலர் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்கள். கூட்டம் கை மீறிவிட்டதா, இப்போதுதான் தொடங்கியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது கேட்டாக வேண்டும் என்பதற்காக ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏன் அவ்வளவு உயரமா அடுக்குறீங்க?"

மூன்று பேரும் ஒன்றாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு ஏன் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டதைப் போல.

"வர்றவனுக்குக் காலி டிராலியா வுட்டுட்டுப் போவாங்க?" என்றார் கோவிந்தன். "ஷிஃப்ட்டுக்கு வந்தவன் கையக் கட்டிக்கினு நிப்பானா? ரொப்பி வெச்சிட்டுப் போறதுதான் மரியாதை."

"ஆமாம்மா," என்றார் சாமுவேல், இவ்வளவு நேரம் சண்டை போட்டதையே மறந்து. "அதுல அவியளக் குத்தம் சொல்ல முடியாது. வந்ததும் வேலை ஓடும்லா. நாங்களும் பேக்கிங்குக்கு அப்படித்தானே செய்யுதோம்."

ஸ்டெல்லாகூடத் தலையாட்டினார். கோபுரத்தைப் பற்றிச் சண்டை போட்ட மூவரும், கோபுரம் கட்டத்தான் வேண்டும் என்பதில் ஒரே கட்சி.

டிராலி பக்கத்திலேயே நின்றது. காலை ஷிஃப்ட் அடுக்கி வைத்துவிட்டுப் போனது. "அடியில இருக்கிற கவரை எடுக்கலாமா?" என்று கேட்டேன். மேலிருந்தவற்றை எல்லோரும் சேர்ந்து இறக்கினார்கள். அடி வரிசையைக் கோவிந்தன் எடுத்தார். விரலால் தடவினார். அடுத்ததை எடுத்துத் தடவினார். பிறகு சாமுவேலிடம் நீட்டினார். மேலிருந்த பாரம் அழுத்தி இரண்டிலும் டொக்கு. ஸ்டெல்லா தன் பக்கத்து டிராலிக்குப் போய், அங்கிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். அதிலும் டொக்கு. பெயிண்ட் உடைந்திருந்தது.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கவர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி. யார் சொன்னது இது?"

கோவிந்தனின் முகம் மாறியது. பெயர் சொன்னால் பிரஸ் செக்‌ஷன் மேல் குற்றம் எழுதப்படும். சொல்லாவிட்டால் இது வெறும் சால்ஜாப்பு என்று பேக்கிங் கான்ட்ராக்டரிடம் போய்விடும். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சேர்ந்து சொன்னாங்க சார்."

"எல்லாரும்னு ஒருத்தன் எங்கம்மா இருக்கான்? நான் பொறுப்புன்னு யார் பேரை எழுதறது?"

"சொன்னது யாருன்னு வேண்டாம் சார். செய்ய முடியறது யாருன்னு கேட்கலாம். அது வேற கேள்வி."

நான் பேசியதிலேயே துணிச்சலான வாக்கியம் அதுதான். மேனேஜர் மூவர் பக்கமும் திரும்பி, "யாருப்பா செய்யறீங்க?" என்றார். யார் சொன்னது என்று கேட்கும் அதே குரலில்தான் கேட்டார்.

சாமுவேல்தான் இருமிவிட்டு, "டிராலியில ஒரு செவப்புக் கோடு போட்டுத் தாரேன். அதுக்கு மேல அடுக்காண்டாம்" என்றார். "கோடு எவ்ளோ ஒசரம்னு நான் சொல்றேன்" என்றார் ஸ்டெல்லா. "ஸ்டூல் போடாம எடுக்கணும்." கோவிந்தன் தலையைச் சொறிந்தார். "என் பசங்ககிட்ட நான் பேசிக்கறேன் சார். கோட்டு வரைக்கும் ரொப்புனாலே மரியாதைதான்னு சொல்லி வெக்கறேன்."

4. தெரிந்ததும் தெரியாததும்

அடுத்த லாட் திரும்பி வரவில்லை. அதற்கடுத்ததில் கொஞ்சம் வந்தது. மாசக் கடைசியில் மேனேஜர் கான்ட்ராக்டரைப் பற்றிப் பேசவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. செவப்புக் கோடுதான் காரணமா, கொக்கிகளையும் சாமுவேல் சத்தமில்லாமல் இறுக்கிக் கட்டியதா, கான்ட்ராக்டருக்கே வேறு வேலை கிடைத்துவிட்டதா, நிச்சயமாகத் தெரியாது. ஸ்டெல்லா பேக்கிங்கில் இருந்தார். அது தெரியும்.

நான் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடிவது இவ்வளவுதான்: சொல்வதையும் செய்வதையும் இரண்டு கேள்விகளாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே ஆள் மேல் ஏற்றினால் கூட்டத்தில் சாம்பார்தான் பேசப்படும். பிறகு, எல்லோரும் ஒப்புக்கொள்கிற விஷயம் வந்தால் அங்கேயே நின்று ஏன் என்று ஒரு முறை கேளுங்கள். இந்த இரண்டையும் நம்பி இன்னொரு யூனிட்டில் போய் நடத்திப் பார்த்தேன். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அங்கே வேறு ஏதோ இருக்கிறது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் ஸ்டெல்லாதான் முதலில் பேசினார்.

"நான் சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே மேடம்?"

"சொல்லுங்கக்கா."

"நீங்க கேக்கறப்போ பேனாவத் தொறந்து வெச்சிக்கினு கேக்கறீங்க. பேரு எழுதலன்னு நீங்க சொல்றீங்க, பேனா வேற சொல்லுது."

எல்லோரும் சிரித்தார்கள். பேனாவை மூடி டிராயரில் போட்டேன். அன்று எல்லோரும் வெகுநேரம் பேசினார்கள். நிறைய சொன்னார்கள். பாதி எனக்கு மறந்துவிட்டது. மறுநாள் ஒவ்வொரு செக்‌ஷனாகப் போய்க் கேட்டேன். ஒரே விஷயத்தை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். எது சரி என்று கேட்க ஸ்டெல்லாவிடம் போனேன். அவர் கையிலிருந்த கவரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம், இன்னொரு தபா பேசிப் பாக்கலாம்" என்றார்.