முதல் கோப்பு ஓடியபோது

இணையப் பக்கங்களை அனுப்பும் கம்ப்யூட்டரான சர்வரில் புரோகிராம் எழுதும் தொழிலில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும், முதல் கோப்பு ஓடுகிறவரை அதெல்லாம் வெறும் எழுத்துதான். அந்தக் கோப்புதான் தகவல்கள் இருக்கும் டேட்டாபேஸைத் திறந்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல உட்காரும். 'ஸ்டார்ட்' பட்டனை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

குமாருக்குக் குட் மார்னிங்

தொண்ணூறுகளின் பின்பாதி. தி. நகரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழி பிரவுசரில் ஏதோ சின்ன வேலை செய்வதற்குத்தான் என்று நினைத்திருந்தோம். அதைச் சர்வரிலும் ஓட்டலாம் என்று தெரிந்ததும் நாலைந்து வரி எழுதிப் பார்த்தேன். பக்கத்து அறையில், கூட வேலை பார்த்த குமார் தன் பெயரைத் தட்டினான். 'குட் மார்னிங், குமார்' என்று ஒரு பக்கம் வந்தது. ஓடி வந்தான். "விஜி, இந்தப் பக்கம் எங்கேயுமே இல்லை. நான் கேட்டப்புறம்தான் பிறந்திருக்கு!"

மயிலாப்பூர் மாமி

பாட்டு வகுப்பு நடத்தும் மாமி ஒருவர், வெளிநாட்டு மாணவிகள் எழுதிப்போட ஒரு பக்கம் கேட்டிருந்தார். மாமி அதைப் பார்க்க வந்த அன்று காலையில்தான் அதை ஸ்டார்ட் செய்தேன். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவர் மகளிடம் முந்தின நாளே பக்கத்தின் முகவரியைச் சொல்லியிருந்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஆங்கில எழுத்தில் ஒரு வரி முளைத்தது: 'அம்மா, தீசிஸ் பாஸாயிடுத்து.'

மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். விரல் நுனியால் திரையைத் தொட்டார். "அவ இப்போதான் இதை அடிச்சுட்டுக் கையை எடுத்திருப்பா, இல்லையாடி?"

இரத்தம் தேடி வந்தவர்

அடையாறில் ஒரு தொண்டுக் குழுவுக்காக, இரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் பக்கம் செய்தோம். அவர்கள் ஆபீஸில் அதை நிறுவிக்கொண்டிருந்த மத்தியானம், சிந்தாதிரிப்பேட்டை ஆட்டோக்காரர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். மனைவிக்கு ஆபரேஷன், சுலபத்தில் கிடைக்காத இரத்த வகை. ஸ்டார்ட் அழுத்தினேன். பிழை. மறுபடி அழுத்தினேன். பிழை.

முதல் கோப்பை மேலிருந்து படித்தேன். டேட்டாபேஸைத் திறப்பதற்கு முன்பே தேடச் சொல்லியிருந்தது. திறக்கும் வரியை மேலே ஏற்றி, கும்பிட்டுக்கொண்டு அழுத்தினேன். இரண்டு பெயர் வந்தது. முதலாமவர் ஊரில் இல்லை. இரண்டாமவரான கொட்டிவாக்கத்துக்காரர் போனை எடுத்து, "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார்.

மனைவி பிழைத்துக்கொண்டார். ஆட்டோக்காரர் பிறகு வந்து, என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னா மேடம், இத்தினி நல்லவங்க நம்ம ஊர்லயே கீறாங்களா?"

எத்தனை முறை அந்தப் பட்டனை அழுத்தியிருந்தாலும், ஓடினால் அதிசயம், ஓடாவிட்டால் என் தப்பு என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பங்கு.