சித்தி காட்டிய உள்ளான்

சித்தி விடுப்பு எடுத்தால் அன்றைக்குக் கடல் ஏறாது, இறங்காது. கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் பறவைகளெல்லாம் சித்தியிடம் தலையைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த நாட்டுக்குப் போகும். ஒரு வருஷம் சித்திக்குக் காய்ச்சல் வந்தபோது குளிர்காலமே வாசலில் நின்று காத்திருந்தது.

இதெல்லாம் ஊர் சொல்வதல்ல, சித்தியே சொல்வது. அவர் இதை எழுதுகிறவளின் அம்மாவுக்குத் தங்கை. கடலோரச் சதுப்புநிலக் காப்பகத்தில், வருகிறவர்களுக்குப் பறவை காட்டுவது வேலை. இடது காலில் மஞ்சள், வலது காலில் பச்சை என்று ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். இரண்டுக்கும் ஜோடி எங்கே போனதென்று தெரியவில்லை. "சத்தம் போடாதீங்க" என்று அவர் போடும் சத்தத்தில் பாதிப் பறவைகள் எழுந்து போய்விடும். மீதிக்குப் பழகிவிட்டது.

வீட்டிலும் வாய் நிற்காது. "இடது பக்கம் பாருங்க, நாற்காலி மேல ஈரத்துண்டு. போட்டவர் சோபாவுல இருக்கார். கிட்டப் போகாதீங்க, மிரண்டுருவார்."

சித்தப்பா அசையமாட்டார்.

அப்பேர்ப்பட்ட சித்திக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. சித்திக்குப் பதிலாக, பொத்தானை அமுக்கினால் பேசும் பெட்டி ஒன்றைப் பலகைப் பாதையில் வைத்துவிடலாம் என்று புது அதிகாரிக்கு யோசனை. "பெட்டி கதை விடாதில்ல" என்றாராம். முடிவெடுக்கும் முன் ஒருமுறை சித்தியோடு நடந்து பார்க்க வந்தார். வந்ததோ கடல் ஏறியிருந்த நேரம். சேறு முழுக்கத் தண்ணீருக்கடியில்.

"எங்கம்மா பறவை?"

"சாப்பாட்டு மேஜையைத் தண்ணி மூடிருச்சு சார். இறங்கினாத்தான் வரும்."

"அவ்வளவு நேரம் எனக்கில்ல. ஒண்ணாவது காட்டுங்க."

சித்தி கரை முழுக்கக் கண்ணால் துழாவினார், ஒரு கொக்குகூட இல்லை.

அப்போது நாணலுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று சுருண்டு வந்தது. உள்ளே பதுங்கியிருந்தது இதை எழுதுகிறவள். சித்தியை ஏமாற்றி விளையாட, சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவையைப் போலப் பழகிய விசில், அன்றைக்கு வேறு காரியத்துக்கு வந்திருந்தது.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "உள்ளான்தானே?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், வேலை நிலைத்துவிடும். சித்தி கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு விசில் வந்தது.

"உள்ளான் இல்ல சார். அது மூச்சு வாங்காது, இதுக்கு மூக்கடைப்பு. இது எங்க அக்கா பொண்ணு. வருஷம் பூரா இங்கயேதான் கெடக்கும். உச்சி வெயில் வந்தாத்தான் கண்ணு திறக்கும். இரை எல்லாம் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லதான்."

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "பெட்டிக்கு இவ்வளவு காது இருக்காதும்மா. நீங்களே இருங்க" என்றார்.

"வெளிய வாடி" என்றார் சித்தி.

நாணல் விலகியது. சேறு சொட்டச் சொட்ட வந்தவளை மேலிருந்து கீழ் வரை பார்த்துக்கொண்டே வந்த சித்தியின் கண் காலில் நின்றது. இடது காலில் பச்சை பூட்ஸ், வலது காலில் மஞ்சள்.

சித்தி அதிகாரியின் கையை மெல்லத் தொட்டார்.

"சத்தம் போடாதீங்க சார், ஓடிரும்."