ஆஸ்திரேலியாவும் எங்கள் தெருத் தாம்பாளமும்

என் கணவர் ரங்கூனில் வந்து இறங்கியபின் வடக்கே இன்சீனையும் தெற்கே கியாக்தானையும் தாண்டிப் போனதில்லை. ஆனால் வாரம் தவறாமல் லண்டனுக்கும் டில்லிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார். பகலில் அரிசிக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. சாயங்காலமானால், லான்மடாப் பேட்டையில் ஒரு சின்ன அச்சுக்கூடத்திலிருந்து வந்த தமிழ் வாரப் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்துவிடுவார். அதற்குச் சம்பளம் கிடையாது. இரண்டாம் பக்கம் முழுவதும் தன்னுடையது என்கிற பெருமை ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

அந்தப் பக்கத்தின் நடுவே குறுக்காக ஒரு தடித்த கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு மேலே தேச அரசியல். சட்டசபையில் யார் என்ன பேசினார், பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்துவிட்டால் நம் கதி என்ன, கடல் கடந்த நாடுகளில் நம்மவர் படும் பாடு என்ன, இப்படி. கோட்டுக்குக் கீழே எங்கள் தெருச் சமாச்சாரம். சாக்கடை அடைத்துக்கொண்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, கோயில் உற்சவத்தில் யாரோடு யார் முறைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அங்கே. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கலந்தால் பத்திரிகையின் தரம் போய்விடுமாம்.

அவருடைய கையெழுத்து கோழி கிளறிய குப்பைதான். "ஐயா, இது தமிழா, பர்மியமா?" என்று அச்சுக் கோப்பவர் கேட்டுத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து, எல்லாவற்றையும் நல்ல எழுத்தில் படியெடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பழகிய குண்டு எழுத்து என்னுடையது. ஆகவே ஆஸ்திரேலியப் பிரதம மந்திரியை முதலில் அவர் திட்டுவார். பிறகு நான் ஒருமுறை நிதானமாகத் திட்டுவேன்.

சனிக்கிழமை பத்திரிகை வந்ததும், மத்தியானம் எங்கள் மரக் கட்டடத்தின் பின்படிக்கட்டில் பெண்கள் கூடுவார்கள். அரிசியில் கல் பொறுக்குகிறவர்கள், பிள்ளைக்குப் பேன் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்க, நான் உரக்க வாசிப்பேன். மேல்மாடி அக்காவும் வெங்காயக் கூடையோடு வந்து உட்காருவாள். அவள் பர்மியப் பெண். துறைமுகத்தில் கப்பல் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிற தமிழர் ஒருவரைக் கட்டிக்கொண்டவள். காலையில் தெருமுனையில் மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேமியா, மொஹிங்கா, விற்பாள். தமிழ் எழுத்து தெரியாது, காதில் விழுந்தால் எல்லாம் புரியும். நான் வயிற்றுப்போக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி ஊற்றியவள் அவள்தான். என்னோடு பிறந்தவர்களைவிட அவளை எனக்கு அதிகம் பிடிக்கும்.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய இந்தியர்களுக்கு ஓட்டுரிமை கொடுப்பதா வேண்டாமா என்று அந்தச் சமயம் தந்திச் செய்திகளில் அடிபட்டது. அவர்களில் பலர் வாலிபத்தில் போய்க் கரும்பு வெட்டி அங்கேயே நரைத்துப் போனவர்கள். என் கணவர் கொதித்துவிட்டார். உழைக்கிறவனுடைய கை மட்டும் வேண்டும், ஆள் வேண்டாம் என்கிறவன் எப்படி நாகரிகமுள்ளவன் ஆவான் என்று கேட்டு எழுதினார். எனக்கே படியெடுக்கும்போது கண் கலங்கிற்று. படிக்கட்டில் வாசித்தபோது மேல்மாடி அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"தங்கச்சி, அந்த ஊரு ரொம்பத் தூரமா?"

"கப்பல்ல வாரக்கணக்கா போவணும்க்கா."

"அவ்ளோ தூரத்துல இருக்கறவங்களுக்காக சயா இப்பிடி அழுவுறாரே. நல்ல மனசு."

சயா என்றால் வாத்தியார். எழுதுகிறவர் என்பதால் என் கணவரை அவள் அப்படித்தான் அழைப்பாள். இதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள்.

அவளுடைய ஒரே மகளுக்கு அப்போது கல்யாணம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை இன்சீன் ரயில்வே பட்டறையில் பிட்டர். அவனுடைய தாய் ஒரு நாள் காலையில் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்தாள்; அக்கா மொஹிங்கா விற்கப் போயிருந்ததால் தகப்பனும் நாங்களும்தான் கூட இருந்தோம். மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, மடிப்புக் கலையாத கண்டாங்கி. எங்களையெல்லாம் விட அதிகத் தமிழச்சியாக இருந்தாள். பெண்ணைப் பிடித்துவிட்டது. ஒன்றே ஒன்று கேட்டாள்: "நிச்சயத்துக்கு ஒங்க தெருச் சங்கத்துத் தாம்பாளம் எங்க வீட்டுக்கு வரணும். அது வந்துட்டா நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அந்தத் தாம்பாளத்தின் மகிமை வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கெங்கிருந்தோ கப்பலேறி வந்து கலந்து கிடந்தோம். எவன் எந்த ஊர், என்ன குலம் என்று விசாரிக்க யாருக்கு வழி இருந்தது? அதனால் ஒவ்வொரு தெருவிலும் நல்லது கெட்டதுக்கென்று ஒரு சங்கம். நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டுக்காகச் சங்கத்தார் தங்கள் பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துப் போவார்கள். இந்தக் குடும்பம் எங்களைச் சேர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. தாம்பாளம் வராத இடத்தில் கைநனைக்க மாட்டார்கள்.

வின்ச்காரர் எத்தனையோ வருஷமாகச் சங்கத்து உறுப்பினர். பிணம் தூக்க ஆள் வேண்டுமென்றால் முதல் தோள் அவருடையது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், தாய் பர்மாக்காரி, பெண் கபியா, அதாவது கலப்பு; கலப்புக்குத் தாம்பாளம் தருகிற வழக்கமில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். சங்கத்தின் காரியதரிசி என் கணவர்தான். அவரும் கை தூக்கிவிட்டு வந்திருந்தார்.

அன்று சோறு போட்டேன், பேசவில்லை. மறுநாள் அவர் ஆஸ்திரேலியாவைப் பற்றி அடுத்த கட்டுரையை எழுதி என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன்.

"ஏன், கை வலிக்குதா?"

"கை நல்லாத்தான் இருக்கு. ஆஸ்திரேலியாவை எழுத மனசில்ல."

அவருக்குப் புரிந்துவிட்டது. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது அரசியல். இது நாலு பேர் கூடி எடுத்த முடிவு."

"அங்கயும் நாலு பேர் கூடித்தானே முடிவு எடுக்கறாங்க."

"நான் ஒருத்தன் எதிர்த்து என்ன ஆவப்போவுது? காரியதரிசி பதவி போவும், அவ்வளவுதான்."

"போவட்டும். அதுல என்ன சோறா வடிக்கிறோம்?"

நான் பிடிவாதக்காரி, அது ஊருக்கே தெரியும். அச்சுக்கூடத்து ஆள் வந்து வந்து வெறுங்கையோடு திரும்பினான். இவரே படியெடுத்துப் பார்த்தார். தன் எழுத்தைத் தானே வாசிக்க முடியாமல் திண்டாடினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. மாடியிலிருந்து அந்தப் பெண் இறங்கிப் போகும்போதெல்லாம் எங்கள் கதவைப் பார்க்காமல் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து எழுதினார். வாங்கிப் பார்த்தேன். மேலே ஆஸ்திரேலியா. வழக்கமாகக் கோடு வரவேண்டிய இடத்தில் கோடு இல்லை. அதே மூச்சில் எங்கள் தெருத் தாம்பாளத்துக்கு வந்திருந்தார். காரியதரிசியாகிய நானும் கை தூக்கியவன்தான் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். அந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அன்று சந்தோஷப்பட்டேன். ஒரு எழுத்துப் பிசகாமல் படியெடுத்துக் கொடுத்தேன்.

பத்திரிகையில் வந்துவிட்டால் ஜனங்கள் திருந்திவிடுவார்கள் என்று நம்பினார், பாவம். சங்கத்தார் கூடினார்கள், அவரைக் காரியதரிசிப் பதவியிலிருந்து இறக்கினார்கள், தாம்பாளத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அந்த நாட்களிலேயே ஆஸ்திரேலியாவில் நம்மவர்களுக்கு ஓட்டுக் கொடுத்துவிட்டதாகத் தந்தி வந்தது. ஆஸ்திரேலியாகூட இறங்கி வந்துவிட்டது, எங்கள் தெரு வரவில்லை.

வின்ச்காரர் சம்பந்தமே வேண்டாம், சொல்லியனுப்பிவிடலாம் என்றார். மேல்மாடி அக்கா ஒப்பவில்லை. "சொல்லியனுப்பறது மரியாதை இல்ல. நேர்ல போயி உள்ளதைச் சொல்லுவோம். வேணாம்னா திரும்பி வந்துருவோம்." நான் எங்கள் வீட்டுப் பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். என் கணவர் அதைத் துணியில் சுற்றித் தானே எடுத்துக்கொண்டார். ரயிலில் இன்சீன் போய்ச் சேரும்வரை அக்கா தன் தமின் கைலியின் ஓரத்தைத் திருகிக்கொண்டே வந்தாள்.

பட்டறைத் தொழிலாளர் லைனில் கோடி வீடு. வாசலிலேயே மாப்பிள்ளையின் தாய் நின்றிருந்தாள். பார்வை நேரே தட்டுக்குத்தான் போயிற்று.

"சங்கத்துத் தாம்பாளமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தேய்த்த பித்தளையில் இது இன்னார் வீட்டுத் தட்டு என்று எழுதியா இருக்கிறது? என் கணவர் அப்படிச் சொல்லவில்லை.

"இல்லீங்கம்மா. எங்க வீட்டுத் தட்டு. சங்கம் குடுக்க மறுத்துட்டாங்க."

"ஏன்?"

வாராவாரம் ஒரு பக்கம் நிறைய எழுதுகிற மனிதர் தட்டின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மேல்மாடி அக்காதான் முன்னால் வந்தாள். "என்னாலதான். நான் பர்மாக்காரி. ஆனா எம் பொண்ணு நல்ல பொண்ணு."

மாப்பிள்ளையின் தாய் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். போய்விடுங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று நான் புடவைத் தலைப்பை இறுக்கிக்கொண்டேன். அவள் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். பேச ஆரம்பித்தாள், பர்மியத்தில். நான் பேசுகிற கடைத்தெருப் பர்மியம் அல்ல அது. பால் குடிக்கும்போதே கேட்டு வளர்ந்தவள் பேசுகிற பேச்சு.

தன் அமேவும், அதாவது அம்மாவும், பர்மாக்காரி என்றாள். அவளுக்கு எந்தத் தாம்பாளமும் வந்ததில்லை. அதனால் தனக்குக் கல்யாணமாவதற்குள் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. அம்மா கப்பலில் வரும் வழியில் செத்துப்போனாள் என்று இந்த லைனில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். தன் பிள்ளையின் கல்யாணத்திலாவது யாரும் எதையும் கிளறாமல் இருக்க வேண்டும் என்றுதான் தாம்பாளம் கேட்டாளாம்.

"எப்போ தவறுனாங்க உங்கம்மா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"தவறல. அடுப்படியிலதான் இருக்காங்க. வேலைக்காரின்னு சொல்லி வச்சிருக்கேன்." இதை மட்டும் அவள் எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அமே, வெளிய வாங்க அமே" என்று லைன் முழுவதும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

கதவு திறக்க வெகுநேரமாயிற்று. கூப்பிட்டது தன்னைத்தான் என்று உள்ளே இருந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது.