ராட்டினத்துக்குக் கொடுத்த கடையாணி

அன்று ராட்டினத்தடியில் நின்றவர்கள் ஐயா, நான், என் தங்கச்சி பூமணி. அம்மா பொங்கல் பானையை விட்டு வரவில்லை. ராட்டினத்து முதலாளி அங்கே இல்லை, வவுனியாவில் இருந்தாராம். ராட்டினத்துக்கு அனுமதி கொடுத்த ஊர்த்தலைவர் விதானையாரும் இல்லை. அம்மாளாச்சி இருந்தாள். அடியார்களே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெருவெள்ளம் வந்து மூன்றாம் வருஷம், வைகாசிப் பொங்கல். எங்கள் குடியேற்றத்திலிருந்து வண்டில் கட்டி ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். கோயில் வெளிக்கு ராட்டினம் வந்தது அந்த வருஷந்தான். இரண்டு மரத்தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே ஓர் இரும்பு அச்சு, அதில் நாலு மரத்தொட்டில்கள். இரண்டு ஆட்கள் தொட்டில்களைப் பிடித்து இழுத்துச் சுற்றினார்கள். ஆளுக்குப் பத்துச் சதம். ஒரு தொட்டிலில் யாரோ ஒரு பிள்ளை சத்தி எடுத்திருந்தது. கழுவவில்லை. மேலே ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையை ஏற்றினார்கள். அப்போதே நாங்கள் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

மத்தியானம் ராட்டினம் நின்றது. காசு வாங்குகிறவன் வாய் நிறைய வெற்றிலையோடு வண்டில்கள் நின்ற மரநிழலுக்கு வந்தான்.

"அண்ணைமார், ஆரிட்டையும் ஒரு கடையாணி இருக்கே? எங்கட அச்சாணி ஒண்டு முறிஞ்சுபோச்சு."

கடையாணி என்பது சில்லு கழன்று போகாமல் வண்டில் அச்சின் நுனியில் செருகுகிற ஆணி. அதைக் கழற்றினால் வண்டில் ஓடாது. வேறு யாரும் அசையவில்லை. ஐயா எழும்பினார்.

"இருபது மூட்டை நெல்லுக்கும் அசையாத ஆணி இது. கொண்டு போ."

"அப்ப உங்கட பிள்ளையளுக்குக் காசு வேண்டாம், அண்ணை. எத்தினை தரமெண்டாலும் ஏறட்டும்."

ஐயாவுக்கு அது இனித்தது. எனக்கும் இனித்தது, மறைக்க மாட்டேன்.

ஐயா பாரம் ஏற்றிப் போகும்போது வண்டில் நிற்கிற இடமெல்லாம் இறங்கி, கத்தியின் முதுகால் கடையாணியைத் தட்டிப் பார்ப்பார். துளை பெரிதென்றால் துணி சுற்றி இறுக்குவார். சத்தத்தை வைத்தே ஆணி இறுகிப் பிடித்திருக்கிறதா என்று அறிவார். அன்று அவர் தட்டவில்லை. அது தன் வண்டில் இல்லை என்று விட்டுவிட்டார். ராட்டின அச்சில் அவர்கள் ஆணியைச் செருகிய துளையில் என் சின்னவிரலும் கூடப் போகும்போல இருந்தது.

"ஆணி ஆடுது. துணி சுத்தி இறுக்குங்கோ. சுத்தச் சுத்த வெளியிலை வரும்" என்றேன்.

"தம்பி எத்தினையாம் வகுப்பு?"

"எஸ்.எஸ்.சி. பாஸ்."

"அப்ப அரசாங்கக் கச்சேரியிலை கதிரை போட்டு இருந்து எழுதும். இது கைவேலை."

எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். "அவனுக்குப் புத்தகம் படிச்சுப் படிச்சு எல்லாத்துக்கும் பயம்" என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. வாயை மூடினேன். பூமணியை நானே தூக்கித் தொட்டிலில் வைத்தேன்.

"அண்ணா, மேலை போனா எங்கட குளம் தெரியுமே?"

"தெரியும், தெரியும். கம்பியைப் பிடி."

ஐந்து சுற்று வந்திருக்கும். என் காலடி மணலில் ஆணி வந்து விழுந்தது. அச்சு ஒரு பக்கம் வழுக்கியது. ராட்டினம் சரிந்து, தூணில் உரசி, இறுகி நின்றது. உச்சியில் பூமணி. மற்றத் தொட்டில்களோடு சேர்த்து எட்டுப் பிள்ளைகள். அச்சின் நுனி இரண்டு விரல் அகலத்தில்தான் தூணில் தொட்டுக்கொண்டு நின்றது.

சுற்றிய இருவரும் பாய்ந்து விலகினார்கள். காசு வாங்குகிறவன் முதலில் தகரப்பெட்டியை அணைத்துக்கொண்டான். பிறகு ஓடினான். ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருந்தது. முறுக்குத் தின்றபடி ஒருவர், "அப்ப என்ர பத்துச் சதம் என்ன மாதிரி?" என்று கேட்டார். இன்றும் முறுக்கு எண்ணெய் மணத்துக்கு எனக்குக் குமட்டும். ஆனால் அவரை வெறுக்க எனக்கு என்ன தகுதி? ஓசிச் சவாரிக்காகவும் ஒரு சிரிப்புக்காகவும் வாயை மூடியவன் நான்.

பூமணி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தேவாரம் எனக்குப் பாடம். ஒன்றும் வரவில்லை. மணலில் முழந்தாளில் விழுந்தேன். "தாயே, சொல்ல வேண்டியதை அழுத்திச் சொல்லாமல் விட்டவன் நான். என்னை என்னவும் செய். அவளை இறக்கித் தா. வெள்ளியிலே கடையாணி செய்து உன் காலடியில் வைக்கிறேன்." அவ்வளவுதான் கேட்டேன்.

"விலகுங்கோ! விலகுங்கோ!"

முல்லைத்தீவிலிருந்து பாய் விற்க வந்த காதர் நானா. தோளில் தன் வண்டிலின் முட்டுக்கட்டை.

"கந்தையாண்ணை, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பாரவண்டில் குடைசாஞ்சா என்ன செய்வியள்? அதைச் செய்யுங்கோவன்!"

கல்லாய் நின்ற ஐயா அப்போதுதான் அசைந்தார். அவருக்குப் பின்னால் வண்டிற்காரர் எல்லாரும் ஓடினார்கள். முட்டுக்கட்டைகள் வந்தன, நுகத்தடிகள் வந்தன. சேற்றில் புதைந்த நெல்வண்டிலை நிமிர்த்துவதுபோல அச்சைத் தாங்கி, "ஏலேலோ" என்று ஒரே மூச்சில் தள்ளினார்கள். அச்சு உள்ளே போனது. நான் வேட்டிக் கரையைக் கிழித்து ஆணியில் சுற்றிக் கொடுத்தேன். ஐயா அதை அடித்து இறக்கி, கத்தி முதுகால் மூன்று தரம் தட்டினார். நல்ல சத்தம். பிறகு கையால் மெல்ல மெல்லத் திருப்பி, ஒவ்வொரு தொட்டிலாக இறக்கினோம். பூமணி கடைசி.

"அண்ணா, குளம் தெரியேல்லை" என்றாள். அதோடு என் சட்டை முழுக்கச் சத்தி எடுத்தாள். அந்த மணம் எனக்கு அருவருக்கவில்லை.

அருவருத்தது அதற்குப் பிறகு. ஐயா ஆணியைக் கழற்றப் போக, காசு வாங்குகிறவன் திரும்பி வந்தான். "அண்ணை, ஆணி கிடக்கட்டும். பின்னேரந்தான் சனம் கூட வரும்."

ஐயா ஆணியை உருவி எடுத்தார். காதர் நானாதான் கேட்டார்: "அப்ப அண்ணை வீட்டை எதிலை போறதாம்? உன்ர ராட்டினத்திலையோ?"

அடுத்த கிழமை அதே ராட்டினம் செட்டிகுளத்தில் சுற்றியதாகக் கேள்விப்பட்டேன். ஏறுவதற்கு ஆட்களும் இருந்தார்களாம். காறித் துப்பினேன்.

அன்று ஊருக்கு வெளிக்கிடும்போது காதர் நானா சொன்னார்: "நான் விடியவே போக வேண்டியவன், தம்பி. மாடு நொண்டினபடியால் நிண்டனான்." எனக்கு மயிர் கூச்செறிந்தது. நான் வாய் திறந்து கேட்கும் முன்பே, விடியற்காலையில் என் தாய் அந்த மாட்டை நிறுத்தி வைத்திருக்கிறாள். அதே மாடு நொண்டாமல் நடந்து போனதை என் கண்ணால் கண்டேன்.

இப்போது ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பிள்ளையும் ஏறமுன் நான் கத்தியோடு போய் ஆணிகளைத் தட்டிப் பார்க்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், இனி வாயை மூட மாட்டேன். அடியார்களே, நீங்களும் பிள்ளையைத் தூக்கி வைக்கமுன் கேளுங்கள், தட்டுங்கள், வெட்கப்படாதேயுங்கள். அதற்கு மேலும் ஆபத்து வந்தால் அவளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டவன் சொல்கிறேன், அவள் வருவாள்.

நேர்த்தியைக் கொடுத்துவிட்டேன். "கண், கை, கால் எல்லாம் அடிச்சிருக்கிறன், கடையாணி இதுதான் முதல்தரம்" என்றார் தட்டார். நேர்முகப் பரீட்சைக்குச் சட்டை தைக்கச் சேர்த்த காசு அதற்குப் போனது. ஓசியில் மிச்சம் பிடிக்கப் பார்த்தது பத்துச் சதம். வெள்ளியும் கூலியுமாகக் கொடுத்தது பதினேழு ரூபாய் ஐம்பது சதம்.