குன்றிலிருந்து இறங்கிய கற்கள்

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டைவிட்டு உள்ளடங்கிய ஒரு குன்றின் அடியில் வீடு கட்டிக் குடிவந்தோம். குன்றின் உச்சியில் பெரிய உருண்டைப் பாறைகளை வட்டமாக வைத்து, நடுவில் கற்களைக் குவித்திருக்கும். இரும்புக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த இடம். பள்ளியில் சரித்திரம் எடுப்பவள் என்பதால் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு ஞாயிறு சர்ச்சிலிருந்து திரும்பினால், டிராக்டர் நிறைய அந்தக் கற்களை ஏற்றி வந்து பக்கத்து மனையில் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காலுக்காம். மனைக்காரர் ஏதோ ஆபீஸில் சூப்பரின்டெண்ட். குடை பிடித்தபடி நின்றார்.

"சார், இது சமாதிக் கல். இதையா எடுக்குறது?"

"யாரு சமாதி மேடம்? உங்க தாத்தாவோடதா?"

மேஸ்திரி சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

தாலுகா ஆபீஸில் புகார் கொடுத்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மனைக்காரருக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாளே எங்கள் கேட்டை அடைத்து ஜல்லி கொட்டினார். "பக்கத்து வீட்டுக்காரன், விட்டுத் தொலையேன்" என்றார் என் கணவர். அவரோடும் ஒரு வாரம் பேசவில்லை.

கடைசி லோடு எடுத்தபோது கற்குவியலுக்கடியில் ஒரு தாழி உடைந்திருக்கிறது. உள்ளே எலும்பு. டீ கொண்டுவந்த மனைக்காரர் மனைவியிடம் ஆட்கள் சொல்ல, அந்தம்மா நேரே என்னிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, மனுஷ எலும்பா?"

"ஆமா. அவங்க தலைமாட்டுக் கல்லுதான் உன் ஹாலுக்கு அடியில கிடக்குது."

மெல்லச் சொல்லியிருக்கலாம். எனக்கு அன்றைக்கு மெல்லப் பேசும் மனசில்லை. அழுதுகொண்டே போனாள்.

வீடு முடிந்தது, ஆனால் அவள் வர மறுத்துவிட்டாள். சிட்லபாக்கத்து வாடகை வீட்டை விட்டு நகரவே இல்லை. அவர் எங்கள் கேட்டில் நின்று கத்தினார்.

"எம் பொண்டாட்டி மனசக் கெடுத்தது நீதான்!"

"புதைச்ச இடத்தைத் தோண்டுனது நானா, நீங்களா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. என் கணவர் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

பிறகு மனைக்காரர் அந்த வீட்டைப் பொத்தேரி காலேஜ் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார். வெள்ளையடிக்க ஆள் கூட்டி வரும்போதெல்லாம் என்னைக் கண்டால் காறித் துப்புவார். நான் ஜன்னலை அறைந்து சாத்துவேன். மேலே குன்றில் குழிகளும் முள்ளும்தான் மிச்சம்.

தொண்ணூறுகளின் நடுவில் வீட்டை விற்றார். பார்க்க வந்த குடும்பத்தை எங்கள் வாசல் பக்கமே விடாமல், பின்பக்கக் காலி மனை வழியாக, முள்ளுக்குள் நடத்திக் கூட்டிப் போனார். என்னிடம் விசாரித்துவிடுவார்களோ என்ற பயம். விசாரித்திருந்தால் சொல்லியிருப்பேன்.