பல்லில் கடித்த பறி

என் வீட்டுச் சுவரில் ஒரு பனையோலைப் பறி தொங்குகிறது. அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் ஓலை நைந்து, வரிசையாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. என் அண்ணியின் பல் பதிந்த இடம் அது. பசியாவரத்துப் பெண்கள் நாங்கள் பழவேற்காட்டு ஏரியில் குனிந்து நின்று, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்போம். கைகள் வேலையில் இருப்பதால், பிடித்த இறாலைப் போடும் பறியைப் பல்லால்தான் கடித்துக்கொள்ள வேண்டும். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை யாரும் வாய் திறக்க முடியாது. ஊர் வாயாடியான எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை.

ஒல்லாந்தர் கப்பலில் வேலைக்குப் போன அண்ணன் திரும்பவே இல்லை. அம்மாவும் நைனாவும் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார்கள். அண்ணி நினைத்திருந்தால் தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்காக இருந்தாள். முதலில் சிக்கும் இறாலை ஏரிக்கே விட்டுவிட்டு, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். மற்றவர்கள் அதை அவசரமாகச் செய்வார்கள். அண்ணி மட்டும் அந்த இறால் நீந்தி மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். கெளுத்தி முள் குத்திய புண் ஒன்று அவள் காலில் ஆறாமலே இருந்தது. உப்புத் தண்ணீரில் இறங்கும்போது அவள் முகம் சுருங்குவதைத் தினமும் பார்த்தேன். பார்த்துப் பார்த்து எனக்கு அது பழகியும் போயிற்று. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பழவேற்காட்டில், கோட்டைக்குப் பக்கத்துச் சாயப்பட்டறையில் சாயவேர் இடிக்க ஒரு பெண் வேண்டும் என்று சேதி வந்தது. காய்ந்த தரையில் நின்று செய்யும் வேலை. அண்ணி போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தாள். ஏரியை விட்டுப் போகிறவர்கள் அதனிடம் 'போய் வருகிறேன்' என்று சொல்லிக்கொள்வது உண்டு. மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் குனிந்திருந்தபோது அண்ணி நிமிர்ந்து, பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இத்தினி நாளு சோறு போட்ட, தாயி. மறக்க மாட்டேன். ஆனா எனக்கு இது போதும். நான் கரையேறிப் போறேன்."

தண்ணீரில் நின்றுகொண்டு 'போதும்' என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து எட்டு நாள் எல்லோருடைய பறியும் காலியாகவே கரைக்கு வந்தது. ஏரிக்கு ரோஷம் வந்துவிட்டது என்றார்கள். சொன்னதை அவள் தண்ணீரில் நின்றே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். "மனசுல கீறதத்தான சொன்னேன், பொய்யா கும்புடச் சொல்றீங்களா?" என்று அண்ணி மசியவில்லை.

அவளை மசிய வைத்தது நான்தான். பசி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "சோறு போட்டவள அப்டி சொல்லலாமா அண்ணி? நன்றி வேணாவா?" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன், அந்தப் புண்ணுக்கு மேலேயே. அண்ணி குனிந்து என் கைகளைக் காலிலிருந்து விலக்கினாள். "உனக்காவ சொல்றேன், போ" என்றாள். மறுநாள் ஏரியில் இறங்கிச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். அதற்குள் பட்டறையில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள்.

அதற்கு நான்காம் நாள் மழை கொட்டியது. முகத்துவாரம் திறந்து கடல்தண்ணீர் உள்ளே வர, இறாலும் வந்தது. அண்ணி மன்னிப்புக் கேட்டதால் வந்தது என்று ஊரே பேசியது, நானும் நம்பினேன். அடுத்த மழைக்காலத்துக்குள் புண் முற்றி, காய்ச்சலில் அண்ணி போய்ச் சேர்ந்தாள்.

அதன்பிறகு அதே பட்டறைக்கு நான் வேலைக்கு வந்தேன். ஏரியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நகக்கண்ணில் ஏறிய சாயவேர்ச் சிவப்பு இனிப் போகாது. இந்த வேலைதான் என் மகளையும் வளர்த்தது. இப்போது வேரை வீட்டுக்கே கொண்டுவந்து இடிக்கிறோம், அவளும் என்னோடு.

நேற்று மதியம் அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். "தூசி நெஞ்ச அடைக்குதும்மா. எனக்கு இது போதும். சென்னப்பட்டணம் போறேன்னு பட்டறையில சொல்லிகினு வந்துட்டேன்" என்றாள். அண்ணி சாகும்போது அவளுக்கும் என் மகளின் வயதுதான் இருந்திருக்கும். இத்தனை வருஷத்தில் நான் அதை ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

'சோறு போட்ட எடம்டி' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுந்துபோய்ப் பறியை எடுத்து, அந்தப் பள்ளத்தில் பல்லை வைத்து அழுத்திக் கடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா பண்ற?" என்றாள் மகள்.

அவள் துணிமூட்டையைக் கட்டி முடிக்கும்வரை நான் பறியை வாயிலிருந்து எடுக்கவில்லை.