மூக்கு வைத்த ஸ்கூட்டர்

போன வாரம் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, டீ குடிக்க நின்றேன். பக்கத்து ஒர்க் ஷாப்பில் ஒரு பழைய ஸ்கூட்டருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஒரு வெள்ளைக்காரருடையது. இரண்டு பக்கமும் தகரத்தில் இறக்கை மாதிரி ஏதோ வைக்கச் சொல்லியிருக்கிறார். அவரும் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பெற்ற பிள்ளைக்கு முடியிறக்குவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் தின்னர் வாசனை குப்பென்று அடித்தது. அதற்குப் பிறகு டீ இறங்கவில்லை. பாதியில் கிளாஸை வைத்தேன். சர்க்கரை கம்மியா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாசனையில்தான் என் இருபதுகள் போயின. எழுபதுகளின் கடைசியில் அவலூர்பேட்டை ரோட்டிலிருந்த ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் நான் மெக்கானிக். கம்பெனி பெயர் வேண்டாம். அந்த வீட்டுக்காரர்கள் இன்றும் கல்யாணங்களில் எதிர்ப்படுகிறார்கள், நானும் சிரித்துக் கும்பிடுகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஆறு பஸ்கள் ஓடின. அத்தனைக்கும் எஞ்சின் வேலை என்னிடம், தகர வேலை ஏழுமலையிடம். ஏழுமலையும் நானும் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஷெட்டிலும் ஒரே டிபன் பாக்ஸ் மாதிரிதான். அவன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு என் சாதத்தில் இருக்கும், என் வீட்டுப் புளிக்குழம்பு அவன் சட்டையில் இருக்கும்.

ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டோரில் ஒரு நட்டு வாங்கினாலும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கையோ எந்நேரமும் கிரீஸ். பேனாவைத் தொட்டால் ஸ்டோர்கீப்பர் கத்துவார். அதனால் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணவனும் கட்டை விரலை நோட்டில் ஒற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். மைகூட வேண்டாம், கிரீஸே மை. எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. சம்பள நோட்டு, கேட் பாஸ், லீவு லெட்டர் எல்லாவற்றிலும் விரல்தான்.

அப்பா இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார். அவர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டதும் சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுப்பார். வயல் வேலை முடித்துவிட்டு வரும் ஆட்களுக்கு முதலில் அவர் கற்றுக்கொடுப்பது அ, ஆ இல்லை. அவரவர் பெயரைக் கையெழுத்தாகப் போடுவது. "கைநாட்டு வெக்கிறவன் நெலம் காத்துல போயிடும்" என்பார். ஊர் ஊராக சைக்கிளில் போய் அவர் கால் வீங்கிவிட்டது. அதனால்தான் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தார்.

அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் வாங்குவது என்றால் என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்பா ஆறு வருஷம் காத்திருந்தார். இடையில் எனக்கு மீசை முளைத்தது, அவருக்குத் தலை நரைத்தது. வண்டி வந்தபோது தெருவே வந்து பார்த்தது. இளம்பச்சை நிறம். இரண்டே வருஷம்தான் ஓட்டினார். ஒரு மார்கழியில் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். வண்டி என் பெயருக்கு மாறியது. அம்மா அதற்குப் பழைய போர்வையில் உறை தைத்திருந்தாள். நான் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால், சூடு ஆறும்வரை பொறுத்திருந்து உறையைப் போடுவாள். மனுஷனுக்குப் போர்த்துகிற மாதிரி இருக்கும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

கம்பெனிக்கு இருபத்தைந்தாம் ஆண்டு வந்தது. முதலாளிக்கு ஒரு யோசனை. அவருடைய முதல் பஸ், முன்னால் நீளமாக மூக்கு வைத்த பழைய மாடல். அதை எப்போதோ உடைத்து விற்றுவிட்டார்கள். அதே மாதிரி சின்னதாக ஒன்று செய்ய வேண்டும், ஸ்கூட்டர் அளவில். விழா அன்று அது முன்னால் போகும், ஆறு பஸ்களும் பின்னால் வரிசையாக மலையைச் சுற்றும். எங்களைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் நிஜமானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம்.

செய்வதற்கு ஸ்கூட்டர் வேண்டுமே. புதிது கிடைக்காது. ஷெட்டுக்கு ஸ்கூட்டரில் வருகிறவன் நான் ஒருத்தன்தான். தகரக் கூண்டை மேலே போல்ட்டுப் போட்டு மாட்டுவது, விழா முடிந்ததும் கழற்றிவிட்டுப் புது பெயிண்ட் அடித்துத் திருப்பித் தருவது என்று பேச்சு. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். எங்கள் கம்பெனியில் புது பாடி கட்டி பஸ் வெளியே வந்தால், முதல் ஓட்டத்தில் டிக்கெட் கிடையாது. வேலை செய்தவர்களின் குடும்பம்தான் உட்கார்ந்து போகும். அந்த வழக்கப்படி ஸ்கூட்டரை நான் ஓட்ட, பின்னால் அம்மா உட்கார்ந்து மலையைச் சுற்ற வேண்டும் என்றார் முதலாளி. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். வீட்டில் அம்மா வேண்டாம் என்றாள். மூன்று நாள் சண்டை போட்டேன். "உங்கப்பா வண்டி, நீ பாத்துக்கோ" என்று சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

வேலை என்றால் அது வேலை. இரண்டு மாதம் ஏழுமலை தகரத்தைத் தட்டித் தட்டி மூக்கை வளைத்தான். நான் எஞ்சின் சூடு வெளியேற வழி வெட்டினேன். ஜன்னல்களுக்கு மைக்கா. பின்னால் கூரைக்கு ஏற விரற்கடை அகலத்தில் ஒரு ஏணி. முன்னால் குட்டி போர்டு: திருவண்ணாமலை – கீழ்பென்னாத்தூர். அதை மாட்டிய அன்று டிரைவர்கள், கண்டக்டர்கள் எல்லோரும் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு கண்டக்டர் அதற்கு விசில் கொடுத்தார். இவ்வளவு கசந்த பிறகும், அது அழகான வண்டி இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓட்டிப் பார்த்தபோதுதான் வினை. இடது பக்கம் திரும்புகிறது, வலது பக்கம் திரும்பவில்லை. காரணம் நாங்கள்தான். பஸ்ஸில் டிரைவருக்கு வலப்பக்கம் ரப்பர் பந்து ஹாரன் இருக்கும். அதையே யோசிக்காமல் இங்கேயும் வலப்பக்கம் வைத்து, அதன் பித்தளைக் குழாயை மூக்குக்குள் வளைத்துவிட்டிருந்தோம். வலது பக்கம் ஒடித்தால் குழாய் தடுத்தது. ஸ்கூட்டர் கடைக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். மலையை வலமாகச் சுற்ற வேண்டும், வழியெல்லாம் வலப்பக்கத் திருப்பம்.

"மச்சான், எடமா சுத்திட்டு வந்துடலாமா?" என்றான் ஏழுமலை. சிரித்துச் சிரித்து இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

ஹாரனை இடது பக்கம் மாற்ற முதலாளி ஒப்பவில்லை. முதல் பஸ்ஸில் வலது பக்கம்தான் இருந்தது என்றார். அப்படியானால் ஒரே வழி, ஸ்கூட்டரின் முன்தகட்டை, கால் முட்டிக்கு முன்னால் இருக்குமே அதை, பாதிக்கு அறுத்து மூக்கைப் பின்னால் தள்ளுவது. அறுத்தால் பழையபடி ஆகாது. நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு ரம்பத்தை நானே எடுத்தேன். அப்பா ஆறு வருஷம் காத்திருந்த இளம்பச்சைத் தகடு என் கையால் தூள் தூளாகக் கொட்டியது. விழா முடிந்ததும் நானே பற்றவைத்துச் சரிசெய்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலைத் திமிர் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

அதற்கடுத்த வாரம் ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். ஏழுமலை ஆபீசிலிருந்து ஒரு பேப்பரோடு வந்து குனிந்தான். அப்போது ஆர்.டி.ஓ. விஷயமென்றால் வேலூருக்குப் போக வேண்டும்.

"பாடி மாத்தனதுக்கு வேலூர்ல பர்மிஷன் வாங்கணுமாம். கையெழுத்து கேக்கறாங்க."

என் இரண்டு கையும் கிரீஸ். அட்டையில் வைத்துப் பேப்பரை அவனே பிடித்துக்கொண்டான். நான் அடியிலிருந்தபடியே கட்டை விரலை நீட்டினேன். அவன் விரலைப் பிடித்து, எந்த இடமென்று பார்த்து, அழுத்தினான். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஏழுமலையிடம் என்னத்தைக் கேட்பது?

விழா அன்று அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா போன பிறகு அவள் அதை எடுத்தது அன்றுதான். தலையில் வெயில் படாமல் முந்தானையைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு வைத்த ஸ்கூட்டர் மாலையோடு மேடைக்குக் கீழே நின்றது. முதலாளி பேசினார். மெட்ராஸிலிருந்து வந்திருந்த தன் மாப்பிள்ளையை மேடைக்கு அழைத்தார். இந்த வண்டி மாப்பிள்ளைக்குத் தன்னுடைய அன்பளிப்பு என்று சொல்லி, சாவியை வெள்ளித்தட்டில் வைத்துக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், கை தானாகத் தட்டியது. அது மேடைப் பேச்சு, சும்மா ஒரு சுற்றுக்குக் கொடுக்கிறார்கள் என்றுதான் எண்ணினேன். மாப்பிள்ளை ஓட்டினார், பின்னால் அவர் மனைவி உட்கார்ந்தார். வலது பக்கம் அழகாகத் திரும்பிப் போனது. அம்மாவைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் வண்டியைக் கேட்கப் போனேன். மானேஜர் கோபப்படவில்லை. ஒரு பைலைத் திறந்து காட்டினார். வண்டியை என் முழு சம்மதத்தோடு கம்பெனிக்கு மாற்றிக்கொடுத்ததாக அச்சுப் படிவம். கீழே என் கட்டை விரல், ரேகை ரேகையாக, அவ்வளவு தெளிவாக. பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. ஏழுமலையின் ஏ-யில் எப்போதும் ஒரு சுழி ஜாஸ்தியாக இருக்கும். இருந்தது.

ஷெட்டுக்குப் பின்னால் டயர் அடுக்கியிருந்த இடத்தில் அவனைப் பிடித்தேன். அடிக்கத்தான் போனேன். அவன் ஓடவில்லை.

"இன்னா எழுதியிருந்ததுனு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ குடுத்திருக்க மாட்டடா."

அவ்வளவுதான். போர்மேன் வேலை அவனுக்குக் கிடைத்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவன் வாயால் வேறு ஒரு காரணமும் வரவில்லை. வந்திருந்தால், குடும்பக் கஷ்டம் என்று ஏதாவது புலம்பியிருந்தால், மன்னித்துத் தொலைத்திருப்பேன். உள்ளதைச் சொல்லிவிட்டான், பாவி. அந்த வாரமே வேலையை விட்டேன்.

அம்மாவிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கிறது. "ஊருக்கே கையெழுத்து கத்துக் குடுத்த மனுஷன்..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் கம்பெனி பஸ்ஸிலும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் ஒரு மணிநேரம் நிற்பாள்.

எண்பதுகளின் நடுவில் கம்பெனி பங்காளிச் சண்டையில் உடைந்தது. ரூட்டுகள் ஆளுக்கொன்றாகக் கை மாறின. ஷெட் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மூக்கு வைத்த ஸ்கூட்டர் மெட்ராஸில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே மழையில் துருப்பிடித்துக் கிடந்ததாக ஒரு டிரைவர் சொன்னார். ஏழுமலை பெங்களூர் போய், அங்கேயே இறந்துபோனான். சாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். போகவில்லை. அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவும் இல்லை. இதையெல்லாம் காலம் கொண்டுபோனது என்று விட்டுவிடலாம்.

என் மகளுக்கு வேலூரில் காலேஜில் இடம் கிடைத்த நாள். சேர்க்கைப் படிவத்தை எடுத்துக்கொண்டு துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அப்பா கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனாவையும் மூடி திறந்து நீட்டினாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அவள் முகம் மெல்ல மாறுவது தெரிந்தது.

"நான்தானேப்பா குடுக்கறேன்" என்றாள்.

தெரியும்மா என்றேன். சொல்லிவிட்டு, இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.